ஹாசல்வேர்த்தில் எங்களுக்கும் ஒரு துண்டு நிலம்

என்னுடைய கைத்தொலைபேசியில் வானிலை பார்க்கும் பக்கத்தில் மூன்று ஊர்கள் இருக்கின்றன. முதலாவது சிட்னி, இரண்டாவது பருத்தித்துறை, மூன்றாவது ஹாசல்வேர்த். இந்த மூன்றாவது பெயரைச் சொன்னால் ஜேர்மனியில் இருக்கும் எங்கள் ஆட்களே "அது எங்கை கிடக்கு?" என்றுதான் கேட்பார்கள். செவன் ஹில்ஸில் மரக்கறி வெட்டிப் பையில் அடைக்கும் ஒரு பக்டரியில் நான் வேலை செய்கிறேன். ஜனவரி மாத வெயிலில் கார்க் கதவைத் தொட்டால் கை சுடும். அந்த வெயிலில், தேநீர் இடைவேளையில், ஹாசல்வேர்த்தில் பனி கொட்டுகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்துக் கதிரையில் இருக்கும் பிலிப்பைன்ஸ்காரி லிண்டா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "சன்" என்றேன். அவளுடைய முகம் மலர்ந்துவிட்டது. "ஓ, நைஸ்! அங்கேதான் வேலையா?" என்றாள். எனக்குப் பொதுவாகவே நாலு பேருக்கு முன்னால் வாய் வராது, ஆங்கிலத்தில் என்றால் கேட்கவே வேண்டாம். தலையை ஆட்டிவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் கேட்கிறாள், இந்த முறையாவது மகன் வருகிறானா என்று. "நொட் திஸ் இயர்" என்று நானும் சொல்லிவருகிறேன்.

என்னுடைய மகன் ஆரூரன் ஹாசல்வேர்த் சேமக்காலையில், அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறான். பிறக்கும்போதே இருதயத்தில் கோளாறு. மூன்று மாதம்தான் எங்களோடு இருந்தான். இங்கே எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், மயூரி, அவனுக்குப் பிறகு அதே ஊரில் பிறந்தவள். கோயிலில் யாரும் "எத்தினை பிள்ளையள்?" என்று கேட்டால் ஒன்று என்றுதான் சொல்வேன். இரண்டு என்றால் அடுத்த கேள்வி வரும். இதையெல்லாம் எழுதவேண்டும் என்று நான் நினைத்ததில்லை. எட்டாம் வகுப்புக்குப் பிறகு கடிதம் தவிர வேறு எதுவும் எழுதியதுமில்லை. ஆனால் இந்த ஏப்ரல் மாதம் நடந்ததை எங்காவது வைக்கவேண்டும் போல இருக்கிறது. என்னைப் போல ஜேர்மனியில் பிள்ளையையோ தாய் தகப்பனையோ மண்ணில் வைத்துவிட்டு வேறு நாட்டுக்கு வந்தவர்கள் இதை வாசித்தால் பிரயோசனப்படவும் கூடும்.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்கிறேன். ஹாசல்வேர்த் ஒரு சிறிய பட்டணம். இரண்டு மலைகளுக்கு நடுவில் ஓர் ஆறு வளைந்து திரும்புகிற இடத்தில், இருக்கிற கொஞ்ச நிலத்தில் நெருக்கிப் பிடித்து வைத்த மாதிரி இருக்கும். வடக்கு மலையின் உச்சியில் ஓர் இடிந்த கோட்டை. அதன் வாசல் வளைவு மட்டும் ஆகாயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கீழே சேர்ச். அதைச் சுற்றி மரச்சட்டம் வெளியே தெரிகிற பழைய வீடுகள், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தபடி. ஆற்றுக்கு மேலே கல்தூண் வைத்த ரயில் பாலம். பாலத்துக்கு அங்கால் இரும்புச் சாமான் செய்யும் பக்டரியும் அதன் நீண்ட சிமினியும். தெற்கு மலைச்சரிவில் சேமக்காலை. அங்கே நின்றால் முழு ஊரும் காலடியில் தெரியும். நகரசபைக்கு முன்னால் ஊரின் சரித்திரம் எழுதிய பலகை ஒன்று இருந்தது. நான் ஜேர்மன் மொழி படித்ததே அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பலகையை வாசித்துத்தான். முன்னொரு காலத்தில் உப்பு ஏற்றிப் போன வண்டிகள் ஆற்றைக் கடப்பதற்கு அந்த வளைவில்தான் ஆழம் குறைவாம். கடக்கிற வண்டிகளிடம் வரி வாங்க ஒரு பிரபு மலையில் கோட்டை கட்டினான். வண்டிக்காரர் தங்க ஒரு சத்திரம், குதிரைக்கு லாடம் அடிக்க ஒரு பட்டறை, இப்படித்தான் ஊர் வந்தது. பிறகு சுவீடன் படை வந்து கோட்டையை உடைத்து ஊரையும் எரித்துவிட்டுப் போனது. சேர்ச்சைத் திரும்பக் கட்டினார்கள். கோட்டையை அப்படியே விட்டுவிட்டார்கள். ரயில் வந்தது, பக்டரி வந்தது, பக்டரிக்குத் துருக்கிக்காரர் வந்தார்கள். கடைசியாக நாங்கள் வந்தோம். எங்களைப் பற்றிப் பலகையில் இல்லை.

நாங்களாக விரும்பிப் போன ஊர் இல்லை அது. அகதியாகப் பதிந்தபோது அலுவலகத்தில் கையில் தந்த கடதாசியில் அந்தப் பெயர் இருந்தது, அவ்வளவுதான். வழக்கு முடியும்வரை அந்த மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று சட்டம். ஆற்றங்கரைப் பாதையில் நடந்து போனால் ஓர் இடத்தில் மஞ்சள் பலகை வரும். அதற்கு அங்கால் அடுத்த மாவட்டம். என் கணவரும் நானும் பின்னேரங்களில் அந்தப் பலகை வரைக்கும் நடந்து போய், அதைத் தொட்டுவிட்டுத் திரும்புவோம். அங்காலும் அதே ஆறு, அதே மரம். ஆனாலும் ஒரு கால் எடுத்து வைத்ததில்லை. உரத்த குரலில் ஜேர்மன் மொழியில் சொல்லப்பட்ட எதையும் சட்டம் என்றே நாங்கள் நம்பிய காலம் அது.

ஆரூரன் போனது ஒரு குளிர்காலத்தில். சின்னக் குழந்தைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதானே எங்கள் வழக்கம். அதே போல, எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதும் இல்லை. என் கணவரும் அகதி முகாமில் இருந்த இரண்டு நண்பர்களும் போவது என்று முடிவாகியது. நான் வீட்டில் இருந்தேன். அழக்கூட இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கீழ்வீட்டு ஃப்ராவ் ஹோல்ட்ஸ் படியேறி வந்தார். ஃப்ராவ் என்றால் திருமதி. உயரமான, வெள்ளைத் தலைமயிர்க்காரி. அதுவரைக்கும் படிக்கட்டுக் கூட்டுகிற முறை யாருடையது என்பதைத் தவிர எங்களோடு எதுவும் பேசியதில்லை. அவர் கையில் ஒரு கறுப்புக் கோட் இருந்தது. "கொம்" என்றார். வா என்று அர்த்தம், அது எனக்கு விளங்கியது. நான் இல்லை என்று தலையாட்டினேன். உடனே என் கணவர் பக்கம் திரும்பி உரத்த குரலில் ஏதோ சொன்னார். இவர்தான் என்னை வீட்டில் மறித்து வைத்திருக்கிறார் என்று அவர் நினைத்துவிட்டார். எங்கள் வழக்கத்தை விளங்கப்படுத்த எங்களிடம் அவ்வளவு சொற்கள் இருக்கவில்லை. இவர் முழுசிக்கொண்டு நின்றுவிட்டு என்னிடம் சொன்னார், "சட்டமாம். தாய் கட்டாயம் வரவேணுமாம். கோட்டைப் போட்டுக்கொண்டு வாரும்."

அப்படி ஒரு சட்டம் உலகத்தில் எங்கேயும் இல்லை. எனக்கு அது பிறகுதான் தெரியும். ஆனால் அந்தப் பிழையால்தான் நான் என் பிள்ளைக்குப் பின்னால் போனேன். சிறுவர்களுக்கென்று மதிலோரமாக ஒரு வரிசை இருந்தது. வெள்ளைப் பெட்டியை இவர் தானே சுமந்து வந்து இறக்கினார். ஃப்ராவ் ஹோல்ட்ஸ் என்னுடைய முழங்கையைப் பிடித்த பிடியை வீடு வரும்வரை விடவில்லை.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவர் கதவைத் தட்டுவார். இருவரும் மலைச்சரிவில் ஏறிப் போவோம். அங்கே சேமக்காலை என்பது எங்கள் ஊர்ச் சுடலை போல இல்லை. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் பூவாளிகள் தொங்கும். ஆட்கள் வந்து செடி நடுவார்கள், காய்ந்த இலையைக் கிள்ளுவார்கள், அடுத்த கல்லறைக்காரரோடு விலைவாசி பேசுவார்கள். எனக்கு முதலில் அது என்னவோ போல இருந்தது. பிறகு பழகிவிட்டது, பிறகு அது இல்லாமல் சனிக்கிழமை போகாது என்றாகிவிட்டது. ஆரூரனுக்கு ஒரு சின்னக் கல் வைத்து, அதைச் சுற்றி நீலப் பூக்கள் நட்டோம். என் கணவர் ஒரு நாளும் வரவில்லை. "கொண்டுபோய் வைச்சாச்சு. பிறகும் பிறகும் அங்கை போறது எங்கடை பழக்கமில்லை" என்பார். பெயரைக்கூட வாயில் எடுக்கமாட்டார். அவருக்கு மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஆம்பிளைகளால் முடியும் என்று எங்கள் பெண்கள் சொல்வார்களே, அப்படி.

ஃப்ராவ் ஹோல்ட்ஸ் ஏன் அன்றைக்கு அந்தக் கோட்டோடு வந்தார் என்பது என் ஜேர்மன் கொஞ்சம் தேறிய பிறகுதான் தெரிய வந்தது. அவரும் அந்த ஊர்க்காரி இல்லை. யுத்தம் முடிகிற காலத்தில், கிழக்கே எங்கேயோ இருந்து, தாயோடு கைவண்டி தள்ளிக்கொண்டு வந்த சிறுமி. வழியில் கைக்குழந்தையாக இருந்த தம்பி குளிரில் இறந்துவிட்டான். நிலம் உறைந்திருந்ததால் தோண்ட முடியவில்லை. பெயர் தெரியாத ஒரு கிராமத்தில், தெருவோரத்தில் வைத்துவிட்டு வந்தார்கள். "என் தாய் சாகும்வரை அந்தக் கிராமத்தைத் தேடினார். அவருக்குப் போவதற்கு ஓர் இடம் இருக்கவில்லை. உனக்கு இருக்கிறது. அதனால் நீ போகத்தான் வேண்டும்" என்றார். சிறுமியாக வந்து, அந்த ஊரிலேயே கலியாணம் கட்டி, அவர் கிழவியான பிறகும், பேக்கரிக்காரி அவரை "அவர்கள் வெளியாட்கள்" என்றுதான் என்னிடம் சொல்வாள். என்னிடம் போய்! எனக்குச் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வேன்.

என் கணவர் பக்டரியில் வெல்டிங் பழகி அதற்கான சான்றிதழ் எடுத்தார். அதை வைத்துத்தான் சிட்னியில் இருந்த இவருடைய தமையன் எங்களைக் கூப்பிட்டார். மயூரிக்கு அப்போது ஆறு வயது. ஃப்ராவ் ஹோல்ட்ஸ் பூவாளியைக் கையில் தூக்கிக் காட்டி, "இதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். பார்த்தும் கொண்டார். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அட்டையோடு கல்லறைப் பூக்களின் படம் ஒன்று வரும். பிறகு ஒரு வருடம் அவருடைய மகனிடமிருந்து கறுப்புக் கரை போட்ட மரண அறிவித்தல் அட்டை வந்தது. அதற்குப் பிறகு படம் இல்லை. பூ இல்லாவிட்டாலும் கல் இருக்கும்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இங்கே நிலத்துக்கு என்ன குறை? சிட்னிக்கு ரெயினில் போகும்போது லிட்கம் பக்கம் ஒரு பெரிய சேமக்காலை வரும். கண் எட்டும்வரை கல்தான். நூறு வருடத்துக்கு முந்தியவை என்று பார்த்தாலே தெரியும், சரிந்து, எழுத்து அழிந்து, ஆனாலும் நிற்கும். உலகம் முழுவதும் அப்படித்தான் என்று நான் இருந்துவிட்டேன்.

போன வருடக் கடைசியில் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் பூசை முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எங்களோடு சுகந்தி என்று ஒரு பெண், டோர்ட்முண்டிலிருந்து தமக்கை வீட்டுக்கு வந்து நிற்பவள், நல்ல வாய்க்காரி. அவுஸ்திரேலியாவில் வீட்டு வாடகை ஏறிவிட்டதென்று யாரோ அலுத்துக்கொண்டார்கள். சுகந்தி உடனே தொடங்கினாள்.

"இஞ்சை உயிரோடை இருக்கிற ஆக்களுக்குத்தானே அன்ரி வாடகை? எங்கடை ஜேர்மனியிலை செத்தாலும் வாடகைதான். தவணை முடிஞ்சுதெண்டால் எழும்பு எண்டு சொல்லிப்போடுவாங்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"சும்மா பகிடி விடாதையும்" என்றார் ஒரு அங்கிள்.

"முருகனாணை, அங்கிள். இருபது வருஷம், இருபத்தைஞ்சு வருஷம், ஊருக்கு ஊர் வித்தியாசம். சின்னப் பிள்ளையள் எண்டால் இன்னும் குறைவு. கல்லிலை ஒரு ஸ்ரிக்கர் ஒட்டுவாங்கள், வந்து கதையுங்கோ எண்டு. ஒருத்தரும் போகேல்லை எண்டால் கல்லைக் கிளப்பிப்போட்டு இடத்தைத் துப்பரவாக்கிப்போடுவாங்கள்."

"அப்ப உள்ளுக்கை இருக்கிறவை?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனாலும் அவளுக்குக் கேட்டது.

"அது தெரியாது அக்கா" என்றாள். "உங்களுக்கும் அங்கை ஆரும் இருக்கினமோ?"

"இல்லை" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஹாசல்வேர்த்தின் பூங்காதான் நினைவில் நின்றது. சேர்ச்சுக்குப் பின்னால் ஊஞ்சல்கள் உள்ள பூங்கா. மயூரியைத் தள்ளுவண்டியில் வைத்து நான் உருட்டித் திரிந்த இடம். அது முன்பு சேமக்காலையாக இருந்தது என்று ஃப்ராவ் ஹோல்ட்ஸ் சொல்லியிருக்கிறார். அதற்கு முந்தியது இன்னும் கீழே, இப்போது சந்தை கூடுகிற முற்றமாம். மலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் அந்த ஊரிடம் இருந்தது கையளவு நிலம். உயிரோடிருப்பவர்களுக்கே காணாது. தங்களுடைய தாய் தகப்பனையும் அவர்கள் அப்படித்தான் முறை வைத்து மண்ணில் வைத்திருக்கிறார்கள். பிள்ளையை அங்கே ஒப்புக்கொடுத்தவள் நான், அந்த ஊரின் நிலக்கணக்கை விளங்கிக்கொள்ளவில்லை. அவர்கள்மேல் கோபம் வரவில்லை. இவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. பெயரைக்கூட எடுக்காத மனிதரிடம் என்னவென்று தொடங்குவது?

மயூரி இப்போது ஃபிசியோதெரப்பிஸ்ட். ஏப்ரலில் சிநேகிதிகளோடு ஐரோப்பா சுற்றிப் பார்க்கப் புறப்பட்டாள். குசினியில் தோசை சுட்டுக்கொண்டு நின்றபோது மெல்லக் கேட்டேன்.

"ஜேர்மனிக்கும் போறனி என்ன? நீ பிறந்த ஊரை ஒருக்காப் பாத்திட்டு வாவன்."

"அது டூ ட்ரெயின்ஸ் எடுக்கவேணும் அம்மா. அங்கை என்ன இருக்கு?"

"உன்ர அண்ணா இருக்கிறான்" என்றேன். "இருக்கிறானோ எண்டு பாக்கவேணும்."

அவள் தோசைக்கரண்டியை என் கையிலிருந்து வாங்கி அடுப்பை நிற்பாட்டினாள். சுகந்தி சொன்னதையெல்லாம் சொல்லி முடித்தேன். "ஓகே. ஐ வில் கோ" என்றாள்.

அவள் ஹாசல்வேர்த் போகிற நாள் வந்தது. இங்கே பின்னேரம் ஐந்து மணி, அங்கே காலை ஒன்பது. குசினி மேசையில் சீனிப் போத்தலோடு சாய்த்துத் தொலைபேசியை வைத்துக்கொண்டு இருந்தேன். வீடியோவில் மயூரி ரயில் நிலையத்தில் இறங்கிக் கமராவைத் திருப்பினாள். மரங்களில் இன்னும் இலை வரவில்லை. கோட்டையும் சேர்ச்சும் பாலமும் தெளிவாகத் தெரிந்தன.

"எந்தப் பக்கம் அம்மா?"

"நேரை வா. பேக்கரி வரும்."

"பேக்கரி இல்லை. கெபாப் கடை."

"அதுதான், அதுக்குப் பக்கத்துச் சந்தாலை இறங்கு. வாய்க்கால் ஓரமாய்ப் படி இருக்கும், அதிலை ஏறு."

படி இருந்தது. மூச்சு வாங்க ஏறினாள். இரும்புக் கேற், தண்ணீர்க் குழாய், பூவாளிகள். குழாயடியிலிருந்து இடப்பக்கம், மதிலோர வரிசையில் மூன்றாவது கல் என்று சொன்னேன். கமரா இடப்பக்கம் திரும்பியது. அங்கே வரிசை இல்லை. மதில் வரைக்கும் புல். வெட்டிச் சீராக்கிய பச்சைப் புல்.

"அம்மா," என்றாள். "ஐ ஆம் சோ சொறி, அம்மா."

புல்லின் அந்தப் பக்கம் ஒரு முதியவர் தோட்ட வேலைக் கையுறையோடு நின்றார். மயூரி அவரிடம் போய் ஆங்கிலத்தில் கேட்டாள். அவருக்கு ஆங்கிலம் இல்லை. கையை விரித்து, "வெக். அல்லெஸ் வெக்" என்றார். எல்லாம் போய்விட்டது என்று அர்த்தம். "தொலைபேசியை அவரிட்டைக் குடு" என்றேன். இருபத்திரண்டு வருடம் பேசாத மொழி. துருப்பிடித்த பூட்டைத் திறக்கிற மாதிரித்தான் சொல் வந்தது. நான் தாய் என்றேன். என் மகன் இங்கே இருந்தான் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றினார். தவணை முடிந்ததும் கல்லில் அறிவித்தல் ஒட்டி வைத்தார்களாம், ஒருவரும் வரவில்லையாம், கற்களை எடுத்துவிட்டார்களாம். பிறகு மெதுவாக, எனக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "கல்லை மட்டும்தான் எடுத்தார்கள். பிள்ளைகளை யாரும் தொடவில்லை. அவர்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள்."

"எந்த இடத்தில்?" என்றேன்.

அவர் புல்லைப் பார்த்தார். கற்களை எடுத்த பிறகுதான் தான் இங்கே வந்ததாகச் சொன்னார். தெரியாது என்று தலையாட்டினார்.

மயூரி புல்லின் நடுவில் அங்கும் இங்குமாக நடந்தாள். "இதிலையா அம்மா? இந்தப் பக்கமா?" என்று கேட்டாள். நான் கணக்குப் பார்த்தது எல்லாம் கற்களை வைத்து. கல் இல்லாமல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எங்கே கால் வைக்கிறாள் என்ற பயம் வேறு வந்துவிட்டது. "நடக்காதை பிள்ளை, நடக்காதை" என்றேன்.

அப்போதுதான் கண்டேன், என் கணவர் எனக்குப் பின்னால் நிற்கிறார். வேலை உடுப்பு மாற்றவில்லை. எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. தொலைபேசியைக் கையில் எடுத்தார்.

"பிள்ளை, நிலத்தைப் பாக்காதை. நிமிந்து பார். சேர்ச் கோபுரம் தெரியுதோ?"

"யெஸ் அப்பா."

"அதுக்குப் பின்னாலை கோட்டை வாசல். கோபுரத்தின்ர உச்சி வாசலுக்கு நடுவிலை வரவேணும். வரும்வரைக்கும் பக்கப்பாட்டிலை நட."

எனக்கு ஒரு கணம் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு விளங்கியது. இவர் தகப்பனோடு கடலுக்குப் போய் வளர்ந்தவர். கடலில் வலை போட்ட இடத்தை மறுநாள் கண்டுபிடிக்க, கரையில் முன்னும் பின்னுமாக நிற்கும் இரண்டு பொருளைப் பார்த்து வைப்பார்கள். கோயில் கோபுரமும் பின்னால் ஒரு பனையும் ஒன்றாகத் தெரிந்தால் ஒரு கோடு. வேறு பக்கத்தில் வெளிச்சவீடும் ஒரு கூரையும் ஒன்றாகத் தெரிந்தால் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் வலை. அதைக் குறி பார்ப்பது என்பார்கள்.

"நடுவிலை வந்திட்டுது அப்பா."

"இப்ப அந்த நேர்கோடு பிசகாமல் வலப்பக்கம் திரும்பு. பக்டரிச் சிமினி…"

"சிமினி இல்லை. அங்கை சுப்பர்மார்க்கெட் போலை ஒண்டுதான் இருக்கு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இவர் அசையவில்லை.

"சிமினி போனால் போகட்டும். ஒரு குறியை நம்பி ஆர் கடலுக்குப் போறது? ரயில் பாலத்தைப் பார். நடுத்தூண். சேமக்காலை மதிலின்ர மூலை அந்தத் தூணைத் தொடவேணும். கோபுரத்தை விடாமல் முன்னாலை வா. வா… வா… தொட்டுதோ?"

"கிட்டத்தட்ட… இப்ப தொடுது."

"நில்."

அவள் நின்றாள். மதிலிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி, மற்றப் புல்லிலிருந்து எந்த வித்தியாசமும் இல்லாத ஒரு துண்டுப் புல்.

"அதிலைதான் வைச்சனான்" என்றார்.

"எப்பிடியப்பா உங்களுக்குத் தெரியும்?" என்றேன்.

"குனிஞ்சு பாக்க ஏலாமல் இருந்தது. நிமிந்துகொண்டு நிண்டன். நிமிந்து நிண்டால் கண் தன்பாட்டிலை குறி எடுக்கும்." என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

இவர் மறந்துவிட்டார் என்று முப்பது வருடமாக நான் இவரோடு மனதுக்குள் சண்டை பிடித்திருக்கிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் பூவாளியோடு போன இடத்தை இவர் போகாமலே வைத்திருந்திருக்கிறார்.

"வாட் டு ஐ டூ நவ்?" என்று மயூரி கேட்டாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள். என்ன செய்யச் சொல்வது? இதற்கென்று எங்களிடம் ஒரு முறை இல்லை. அதற்குள் அந்த முதியவர் குழாயடிக்குப் போய், பூவாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து அவளிடம் நீட்டினார். அவர்களுடைய ஊரில் கல்லறைக்கு வந்தவர் கையில் பூவாளி இல்லாமல் நிற்கக்கூடாது. பூ இல்லாத, செடி இல்லாத இடத்தில் எதற்கு என்று அவர் யோசிக்கவில்லை. மயூரிக்கு வேறொன்று தோன்றியிருக்கிறது. பெரியப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் தண்ணீர் வார்த்ததைப் பார்த்தவள் அவள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்த இடத்தைச் சுற்றி மெதுவாக ஊற்றினாள். இரண்டு பேரும் வேறு வேறு காரியம் செய்துகொண்டிருந்தார்கள். தண்ணீர் போய்ச் சேர்ந்தது ஒரே இடத்தில்.

"காணும் பிள்ளை" என்றார் இவர். "அவனுக்குக் குளிரும்."

தொலைபேசியை என் கையில் தந்துவிட்டுப் பின்கதவால் வெளியே போனார். நான் மயூரியோடு இன்னும் கொஞ்சம் பேசினேன். முதியவருக்கு நன்றி சொன்னேன். அவர் ஒன்றுமில்லை என்பதுபோலக் கையசைத்தார். வைத்துவிட்டு நானும் வெளியே போனேன்.

எங்கள் பென்டில் ஹில் வீட்டுக்குப் பின்வளவு ஒன்று உண்டு. இவர் அதன் நடுவில் நின்று வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. ரெயின் ஒன்று சத்தம் போட்டுக்கொண்டு போனது.

"என்ன பாக்கிறியள்?"

"இஞ்சை ஒரு குறியும் சரி வருதில்லை. வந்த நாளிலையிருந்து பாக்கிறன். ஒரு வீட்டைப் பாத்து வைச்சால் அதை இடிச்சுப்போட்டு ரெண்டு மாடி கட்டுறாங்கள். மரத்தைப் பாத்து வைச்சால் வெட்டிப்போடுறாங்கள்."

"அந்தக் கிரேன்?" என்று பரமட்டா பக்கம் கையைக் காட்டினேன்.

"அது கட்டடம் முடிய இறக்கிப்போடுவாங்கள்."

"அப்ப என்ன செய்யிறது?"

அவர் என்னையும் வேலியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "நீர் உதிலை ஒருக்கா நில்லும்" என்றார்.

உடுப்புக் காயப்போடும் கம்பிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் இரண்டடி பின்னால் போனார், ஓரடி இடப்பக்கம் வந்தார், ஒரு கண்ணை மூடிக்கொண்டார். எனக்குப் பின்னால் எதை வைத்துப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தால் குறி அசைந்துவிடும் என்று அப்படியே நின்றேன்.